அன்பும் சட்டமும் சூழ்நிலையும்

கிறிஸ்தவ அறவியலில் 'சூழ்நிலை அறவியல்' என்னும் சொற்றொடர் நம்மிடையே இருவகையாக வழங்கி வருகிறது. சிலருக்கு அது ஒரு வசைச்சொல். ஒழுக்கத்தைத் தளர்த்த விரும்புவோர் கண்டுபிடித்த சாக்கு என்று அதனை ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ அதன் பெயரைக்கூட அறியாமல் நாள்தோறும் அதனைக் கையாண்டு வருகின்றனர். சேகரக் குழுவில் ஒரு வழக்கு வரும்போது, "விதி அப்படித்தான் சொல்கிறது, ஆனாலும் அந்தக் குடும்பத்தின் நிலையையும் பார்க்க வேண்டாமா?" என்று வினவும் மூப்பர், தாம் ஓர் இறையியல் விவாதத்திற்குள் காலடி வைத்திருப்பதை உணர்வதில்லை. அவருடைய வினா நேர்மையானது. அதற்கு ஆயர் கூறும் விடை நேர்மையானதாக இருக்க வேண்டுமாயின், இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது, எதைச் சரியாகக் கண்டது, எங்கே வழுக்கி விழுந்தது என்பவற்றை அவர் அறிந்திருத்தல் நலம்.

பெயர் வந்த வழி

இக்கொள்கை 1966-இல் திடீரென முளைத்ததன்று. உரோமைத் திருச்சபையின் தலைவர் பன்னிரண்டாம் பயஸ் 1952-ஆம் ஆண்டிலேயே இத்தகைய போக்கினைக் கண்டித்துப் பேசினார். 1956-இல் அச்சபையின் திருத்தூய மன்றம் குருமடங்களில் இதனைக் கற்பிக்கலாகாது எனத் தடை விதித்தது. சீர்திருத்தச் சபைகளிலோ எமில் புருன்னர், டீட்ரிக் போன்ஹாஃபர், ரிச்சர்டு நீபர், பால் லேமன் ஆகியோர் வெவ்வேறு வழிகளில் ஒரே சிக்கலை அணுகிக்கொண்டிருந்தனர். கடவுளின் கட்டளை என்பது என்றோ எழுதி முடிக்கப்பெற்ற ஒரு சட்டத்தொகுப்பா, அல்லது உயிருள்ள கடவுள் இன்று என்னை நோக்கிக் கூறும் சொல்லா என்பதே அச்சிக்கல். 1963-இல் உல்விச் பேராயர் ஜான் ராபின்சன் வெளியிட்ட சிறு நூல் இங்கிலாந்தில் பெரும் புயலை எழுப்பியது. அதில் புதிய ஒழுக்கம் பற்றிய ஓர் இயல் உண்டு. அந்த இயலுக்கு அவர் துணையாகக் கொண்டது ஓர் அமெரிக்க ஆசிரியர் 1959-இல் எழுதிய கட்டுரையாகும். அந்த ஆசிரியரே ஜோசப் பிளெட்சர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் எப்பிஸ்கோப்பல் இறையியல் கல்லூரியில் 1944 முதல் 1970 வரை கற்பித்தவர். 1966-இல் அவர் வெளியிட்ட 'சூழ்நிலை அறவியல்' என்னும் நூலே இந்தப் பெயரை உலகெங்கும் பரப்பியது.

பிளெட்சரைப் பொறுப்பற்ற ஒழுக்கச் சீர்கேட்டாளராகச் சித்திரிப்பது நியாயமன்று. இளமையில் தொழிலாளர் உரிமைக்காக உழைத்த குரு அவர்; பேராயர் வில்லியம் டெம்பிளைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். சட்டத்தின் பெயரால் மனிதர் நசுக்கப்படுவதைக் கண்டு அவர் கொண்ட சினமே அவருடைய எழுத்துக்கு உயிரூட்டியது. அந்தச் சினத்தை மதிக்கத் தெரியாதவர் அவரை மறுக்கவும் தகுதியற்றவர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பிளெட்சரின் வாதம்

ஒழுக்க முடிவுக்குச் செல்லும் வழிகள் மூன்று என்கிறார் அவர். முதலாவது சட்டவாதம்: முடிவு செய்யவேண்டிய நேரம் வருமுன்பே முடிவு நூலில் எழுதப்பட்டிருக்கிறது, அதைத் தேடி எடுப்பதே நம் வேலை. இரண்டாவது சட்டமறுப்பு வாதம்: எந்த விதியும் இன்றி, அந்தக் கணத்தின் உந்துதலோ ஆவியின் ஏவுதலோ வழிகாட்டும் என்று நம்புவது. கொரிந்துவில் பவுல் எதிர்கொண்ட குழப்பத்தை இங்கே நினைவுகூரலாம். மூன்றாவதே அவர் பரிந்துரைக்கும் வழி. சூழ்நிலைவாதி வெறுங்கையோடு வருவதில்லை; தன் சமூகமும் திருச்சபையும் திரட்டித் தந்த நெறிகளை மதிப்போடு சுமந்து வருகிறான். எனினும் அந்நெறிகள் அவனுக்கு விளக்குகளேயன்றி ஆணையிடும் அதிகாரிகள் அல்ல. அன்பு கோரினால் அவற்றுள் எதையும் அவன் விலக்கி வைப்பான்.

இதற்கு அடிப்படை ஒரே கூற்று: தன்னில்தானே நன்மையானது அன்பு ஒன்றே, மற்ற யாவும் அன்புக்கு உதவும்போது நன்மையாகும், அதனைக் காயப்படுத்தும்போது தீமையாகும். அன்பென்று அவர் குறிப்பது அகாப்பே. அது விருப்பு வெறுப்புச் சார்ந்த உணர்ச்சியன்று; பிடிக்காதவனுக்கும் நலம் நாடும் மன உறுதி. அது கணக்குப் பார்க்கத் தெரிந்த அன்பு. நீதி என்பது பலருக்குப் பங்கிடப்படும் அன்பேயன்றி வேறொன்றும் அன்று. இவ்விடத்தில் பிளெட்சர் ஒரு துணிவான அடி எடுத்து வைக்கிறார். பெரும்பான்மையோர்க்குப் பெரும்பயன் என்ற பயன்நோக்குக் கொள்கையோடு அகாப்பே கூட்டணி அமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அந்தக் கூட்டணியில் எந்தப் பங்காளி நாளடைவில் வீட்டுக்குரியவர் ஆவார் என்ற வினாவைப் பின்னர் நோக்குவோம்.

அவருடைய நூலின் பலம் அதிலுள்ள நிகழ்வுகளில் இருக்கிறது. அவற்றுள் புகழ்பெற்றது பெர்க்மயர் அம்மையாரின் கதை. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பிள்ளைகளுக்கு உணவு தேடிச் சென்ற ஒரு ஜெர்மானியத் தாய் ரஷியப் படையினரிடம் சிக்கி உக்ரைனிலுள்ள முகாமுக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். போர்க்கைதியாக இருந்த கணவன் விடுதலை பெற்று வந்து மூன்று பிள்ளைகளையும் தேடிச் சேர்க்கிறான். தாய் மட்டும் இல்லை. கடும் நோயுற்றவர்களும் கருவுற்ற பெண்களுமே முகாமிலிருந்து அனுப்பப்படுவர் என்பது விதி. அவள் நெடிது சிந்தித்து, இரக்கமுள்ள ஒரு காவலனின் துணையால் கருவுற்று, பெர்லினுக்குத் திரும்புகிறாள். குடும்பம் அவளையும் பிறந்த குழந்தையையும் மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறது. ஏழாம் கட்டளை இங்கே என்ன சொல்கிறது?

இறையியல் வகுப்பில் இக்கதையை முன்வைத்தால் மாணவர்கள் உடனே இரு அணிகளாகப் பிரிவர். ஆனால் யாரும் எளிதில் கேட்காத வினா ஒன்று உண்டு. கதை நலமாக முடிந்ததால்தான் அச்செயல் சரியானதா? கணவன் அவளைத் தள்ளிவிட்டிருந்தால்? காவலனின் நிலை என்ன ஆயிற்று? கதையில் அவன் ஒரு வாயிலாக மட்டும் நிற்கிறான். விளைவைக் கொண்டே செயலை அளப்போமாயின், முடிவெடுத்த இரவில் அந்தத் தாய் தன் செயல் நல்லதா தீயதா என்பதை அறிந்திருக்கவே முடியாது.

திருமறைச் சான்றுகள்

திருமறை இவ்வாதத்திற்கு வெளிப்படையான ஆதரவு தருவதுபோல் தோன்றும் இடங்கள் பல. பார்வோனின் கொடிய ஆணையை மீறி ஆண் குழந்தைகளைக் காத்த மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் மன்னனிடம் பொய்க்காரணம் கூறினர், கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் (யாத். 1). ராகாப் ஒற்றரை மறைத்துப் பொய் சொன்னாள். எபிரேயர் நிருபம் அவளை விசுவாச வீரர் வரிசையில் நிறுத்துகிறது. வாய்மை என்பதன் எல்லை பற்றி நம் தமிழ் மரபும் சிந்தித்திருக்கிறது. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பதே வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் கொண்ட கருத்து. ஆனால் 'குற்றமற்ற' என்று அவர் வைத்த அடையை நம் மேடைப் பேச்சாளர்கள் பலர் விட்டுவிடுகின்றனர்.

ஓய்வுநாளில் கதிர்களைக் கொய்த சீடர்களைப் பரிசேயர் குற்றஞ்சாட்டியபோது, தாவீது சமுகத்தப்பங்களை உண்ட நிகழ்வை ஆண்டவர் எடுத்துக்காட்டினார் (மாற்கு 2). மனிதனின் பசி ஆசாரிய விதியை விடப் பெரிது என்பது தெளிவு. சூழ்நிலை அறவியலுக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை எனலாம். (அபியத்தாரின் பெயரைப் பற்றிய பாடச்சிக்கலை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை, அது வேறு வகுப்புக்கு உரியது.)

எனினும் அந்த நிகழ்வை 1 சாமுவேல் நூலிலேயே இறுதிவரை படித்தல் வேண்டும். அப்பத்தைப் பெறுவதற்கு முன் தாவீது ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் ஒரு பொய் சொன்னான்: அரசன் தன்னை மறைவான ஒரு காரியத்திற்கு அனுப்பியிருப்பதாக. உயிர் தப்பி ஓடுகிறவனின் பொய் அது. எந்த நீதிமன்றமும் மன்னிக்கக்கூடியது. ஆனால் சவுலின் ஆளான தோவேக்கு அங்கே நின்றுகொண்டிருந்தான். அடுத்த அதிகாரத்தில் சவுலின் முன் நிறுத்தப்பட்ட அகிமெலேக்கு, தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான். அது உண்மை, உண்மையாயிருந்தும் பயனில்லை. ஆசாரியர் 85 பேர் ஒரே நாளில் வெட்டப்பட்டனர். நோப் பட்டணத்துப் பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. தப்பி வந்த அபியத்தாரிடம் தாவீது தன்னை நியாயப்படுத்தவில்லை. உன் தகப்பன் வீட்டார் அனைவருடைய சாவுக்கும் நானே காரணம் என்ற பொருள்பட ஒப்புக்கொள்கிறான்.

அப்பத்தை உண்டதும் பொய்யுரைத்ததும் ஒரே சூழ்நிலையில், ஒரே தேவையில் நிகழ்ந்தவை. முன்னதை ஆண்டவர் எடுத்துக்காட்டினார். பின்னதோ வேறு இயல்புடையது. அப்பத்தைக் கேட்டபோது அகிமெலேக்கு தன் மனச்சாட்சியோடு முடிவு செய்யக்கூடியவனாக இருந்தான். விதியைத் தளர்த்தியவன் அவனே. ஆனால் யாரிடம் தன் உயிரைப் பணயம் வைக்கிறோம் என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. தாவீதின் பொய் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது அப்பத்தையன்று, முடிவெடுக்கும் உரிமையை. உண்மை தெரிந்திருந்தால் அவன் தாவீதுக்கு உதவியிருக்கக்கூடும், மறுத்திருக்கவும் கூடும். இரண்டும் அவனுடைய முடிவாக இருந்திருக்கும். அன்பின் பெயரால் விதிவிலக்குத் தேடும்போது நாம் வினவ வேண்டியது இதுவே: இவ்விலக்கினால் வேறொருவர் தம் முடிவை இழக்கிறாரா?

பவுலின் கடிதங்களில் வேறொரு போக்கினைக் காண்கிறோம். விக்கிரகத்துக்குப் படைத்தவற்றைக் குறித்து 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை அவர் எழுதியது உண்மையாகவே சூழ்நிலை அறவியல். கடையில் விற்பதை வினவாமல் உண்ணலாம். அருகிருப்பவன் இது படைக்கப்பட்டது என்று சொன்னால், அவன் பொருட்டு உண்ணாதிருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து வரும் பிரசாதத்தை என்ன செய்வது என்று நம் சபையார் இன்றும் கேட்பதால் அப்பகுதி நமக்குப் பழங்கதை அன்று. ஆனால் பவுலின் வாதம் செல்லும் திசையைக் கவனியுங்கள். தமக்குள்ள உரிமையைப் பிறன் பொருட்டு அவர் விட்டுக்கொடுக்கிறார். பிளெட்சரின் நிகழ்வுகளில் பெரும்பாலும் அன்பு ஒரு விதியிலிருந்து விடுதலை தேடுகிறது. பவுலிடம் அன்பு தனக்கிருந்த விடுதலையைக் கட்டிப்போடுகிறது. ரோமர் 13-இலும் அவர் கட்டளைகளைப் பெயர் சொல்லி அடுக்கிய பின்னரே அவை யாவும் அன்பில் நிறைவேறுகின்றன என்கிறார். நிறைவேறுதல் வேறு, நீங்குதல் வேறு.

குற்றமற்ற விதிமீறல் உண்டா?

பிளெட்சர் தம் நூலில் போன்ஹாஃபரைப் பலமுறை துணைக்கு அழைக்கிறார். இருவருக்கும் பொதுவானவை உண்டு. கொலைகாரனிடங்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797-இல் வாதிட்ட கான்ட்டை இருவருமே ஏற்கவில்லை. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், உன் தந்தை குடித்துவிட்டு வருவது உண்மையா என்று ஆசிரியர் கேட்க, உண்மையாகவே குடிகாரனின் பிள்ளையாகிய சிறுவன் இல்லையென்று மறுக்கும் நிகழ்வைப் போன்ஹாஃபர் ஆராய்கிறார். அந்தப் பொய்க்குப் பொறுப்பாளி, கேட்கத் தகாததைக் கேட்ட ஆசிரியரே என்பது அவர் முடிவு. உண்மை பேசுதல் என்பது உறவுகளுக்கு ஏற்ப அமைவது என்று அவர் கண்டார்.

இதுவரை ஒற்றுமை. இதற்குமேல் இருவரும் பிரிகின்றனர். அப்பிரிவை நம் பாடநூல்கள் போதிய அளவு சுட்டுவதில்லை. பிளெட்சருக்குக் 'குறைந்த தீமை' என்ற பேச்சே பிடிக்காது. அன்பு கோரியதைச் செய்தாயா? அப்படியானால் அது மன்னிக்கத்தக்க தவறன்று, முழுவதும் நன்மையே, அதற்காக வருந்த வேண்டியதுமில்லை. போன்ஹாஃபரோ 1940 முதல் இட்லருக்கு எதிரான சதியில் ஈடுபட்டு, 1943 ஏப்ரல் 5 அன்று கைது செய்யப்பட்டு, 1945 ஏப்ரல் 9 அன்று பிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டவர். அன்பினால் விதியை மீறுவது என்றால் என்ன என்பதை அவர் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. அவர் இறந்தபின் 1949-இல் வெளிவந்த அறவியல் நூலில், பொறுப்புள்ள மனிதன் பிறருக்காகக் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான் என்கிறார். தன் செயலை அவன் சரியென்று நிறுவ முற்படுவதில்லை. கடவுளின் இரக்கத்தையே நம்பி நிற்கிறான். சட்டம் அவனால் மீறப்படும்போதும் சட்டமாகவே நிற்கிறது.

இஃது உளநுணுக்கம் பற்றிய வேறுபாடு மட்டுமன்று. தான் செய்தது முற்றும் நன்மையே என்று நம்புகிறவன் அடுத்த முறை இன்னும் எளிதாக அதனைச் செய்வான். தான் குற்றம் ஏற்றிருப்பதாக உணர்கிறவன் வேறு வழி உண்டா என்று மீண்டும் மீண்டும் தேடுவான். தன் செயலால் பாதிக்கப்பட்டோரை மறக்கமாட்டான். தாவீது அபியத்தாரை நோக்கிப் பேசிய சொற்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்யும் ஒரு சபைக்குப் போன்ஹாஃபரின் வழியே பொருந்தும் என்பது என் கருத்து. பெர்க்மயர் அம்மையாரின் கதைக்கும் அதுவே பொருந்தும். அவளைக் கண்டிக்க நமக்கு வாயில்லை. ஆயினும் திருமண உடன்படிக்கை அங்கே காயப்படவே இல்லை என்று சொல்லவும் கூடாது.

யார் என் அயலான்?

1960-களில் எழுந்த மறுப்புகளுள் சிறந்தது பிரின்ஸ்டன் பேராசிரியர் பால் ராம்சேயுடையது. அன்பே தலையாயது என்பதை அவர் ஏற்றார். ஆனால் ஒவ்வொரு தனிச் செயலையும் பார்த்து 'இது அன்பானதா?' என்று கேட்பதோடு அன்பு ஏன் நின்றுவிட வேண்டும்? 'எந்த விதி, எந்த ஏற்பாடு அன்பின் உருவாக இருக்கிறது?' என்றும் அது கேட்கக்கூடாதா? வாக்குறுதியை ஒவ்வொரு காலையும் புதிதாக ஆராய்ந்து காப்பாற்றுபவனிடம் யாரும் வாக்குறுதி பெறமுடியாது. விதியா சூழ்நிலையா என்ற வாதமே தவறாக அமைக்கப்பட்டது என்று 1965-இல் ஜேம்ஸ் கஸ்டாஃப்சன் எழுதியதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பக்கத்தாரும் மறுபக்கத்தார் வைத்திருப்பதைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கின்றனர் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

ஆயினும் பிளெட்சரின் கொள்கைக்கு மிகக் கடுமையான மறுப்பு அவருடைய பிற்கால எழுத்திலிருந்தே வந்தது. மருத்துவ அறவியலுக்குத் திரும்பிய அவர் 1972-இல் மனிதத்தன்மையின் அடையாளங்கள் என ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் முதலிடம் பெற்றது அறிவுத்திறன். நுண்ணறிவு ஈவு 40-க்குக் கீழ்ப்பட்டவர் ஆள் என்பது ஐயத்திற்குரியது, 20-க்குக் கீழ்ப்பட்டவர் ஆளே அல்லர் என்று எழுதினார். விதிகளைவிட ஆட்களே முதன்மையானவர் என்று 1966-இல் முழங்கியவர், ஆறே ஆண்டுகளில் யார் ஆள் என்பதை முடிவு செய்ய ஓர் எண்ணை விதியாக்கினார்! பின்னர் அவர் கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு மனிதநேயவாதியாக விளங்கினார், 1991-இல் மறைந்தார். அவரது தனிப்பட்ட விசுவாசப் பயணத்திற்கு நாம் நீதிபதிகள் அல்லர். ஆனால் முன்னர்ச் சுட்டிய கூட்டணியில் வீட்டுக்குரியவர் ஆனது எந்தப் பங்காளி என்பது தெரிகிறது. அயலானை நேசி என்ற கட்டளை, அயலான் யார் என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை நமக்குத் தரவில்லை. லூக்கா 10-இல் அவ்வினாவைக் கேட்ட நியாயசாஸ்திரிக்கு ஆண்டவர் பட்டியல் ஒன்றும் தரவில்லை.

இது அமெரிக்க மருத்துவமனைக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. தமிழகத் திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு இணை உண்டு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிக்கப்பட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். அதனால் தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளில் பலர் விலகினர். லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் போன்றோர் இதனை ஏற்கவில்லை. சாதி நாட்டின் சமூக வழக்கம். பொறுமையோடும் அன்போடும் படிப்படியாக மாற்ற வேண்டியது. சட்டம் போட்டு முறிக்கலாகாது என்றனர். வில்சனின் கடுமையில் ஆளும் இனத்தாரின் செருக்குச் சிறிது கலந்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மறுபுறத்தாரின் சொற்களில் அன்பும் சூழ்நிலை உணர்வும் நிரம்பியிருந்தன. ஆனால் யாருடைய சூழ்நிலை கருதப்பட்டது? விலகிச் செல்லக்கூடியவர்களின் சூழ்நிலை. தனியே அமர்த்தப்பட்டவர்களின் சூழ்நிலை எத்தனை தீர்மானங்களில் எடையிடப்பட்டது? உணவு பற்றி அத்தனை நெகிழ்ச்சி காட்டிய பவுல், அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரின் பந்தியை விட்டு விலகியபோது முகமுகமாய் எதிர்த்து நின்றார் (கலா. 2). எருசலேமிலிருந்து வந்தவர்களின் உணர்வை மதித்தேன் என்று பேதுருவும் சொல்லியிருக்கலாம்.

நோயாளியின் படுக்கையருகே

ஆயர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு நிகழ்வுக்கு வருவோம். புற்றுநோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் குடும்பத்தாரிடம் கூறுகிறார். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று மகன் கெஞ்சுகிறான். ஆயர் அறைக்குள் நுழையும்போது அந்தத் தாய் கேட்கிறார்: "ஐயரே, எனக்கு என்ன நோய்? எல்லாரும் ஏதோ மறைக்கிறார்களே."

சூழ்நிலை அறவியல் இங்கே பொய்க்கு வழிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1954-இல் வெளியிட்ட மருத்துவ அறவியல் நூலில் அதே பிளெட்சர் நேர்மாறாக வாதிட்டார். உண்மையை அறிவது நோயாளியின் உரிமை. அதனை மறைப்பது அவரை ஆளாக அன்றிப் பொருளாக நடத்துவது என்பது அவருடைய நிலை. பிற்காலப் பிளெட்சரைவிட முற்காலப் பிளெட்சர் நமக்குப் பயன்படுகிறார் என்பது ஒரு வேடிக்கையே. அக்காலத்து மருத்துவர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1961-இல் அமெரிக்க மருத்துவர்களிடையே நடத்தப்பெற்ற ஓர் ஆய்வில் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்புவதாகக் கூறினர். 1979-இல் மீண்டும் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் மனித இதயம் மாறிவிடவில்லை. முந்தியவர்களும் நோயாளியின் நலனை நாடியே மறைத்ததாக நம்பினர். ஒவ்வொருவரும் அந்தந்தச் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்ததாகவும் எண்ணியிருப்பர். அத்தனைபேரும் ஒரே முடிவுக்கு வந்தது எவ்வாறு? சூழ்நிலையை அவர்கள் பார்க்கவில்லை; வழக்கம் அவர்களுக்காகப் பார்த்தது. மருத்துவ முன்னேற்றம், நோயாளியின் உரிமை பற்றிய விழிப்பு எனப் பல காரணங்கள் அந்த மாற்றத்தில் கலந்துள்ளன. எனினும், அன்பு தன்னைத்தானே நம்பி நிற்கும்போது அது தன் காலத்து வழக்கத்தின் எதிரொலியாகிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

எனவே அந்தத் தாயிடம் ஆயர் என்ன செய்வார்? பொய் சொல்லலாகாது என்பதே விதி. அதனை நான் இங்கே தளர்த்தமாட்டேன். பொய் சொன்னால் அகிமெலேக்குக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும்: எஞ்சிய நாட்களை எப்படிச் செலவிடுவது, யாரோடு ஒப்புரவாவது, யாருக்கு எதை எழுதி வைப்பது என்ற முடிவுகள் அவரிடமிருந்து பறிக்கப்படும். ஆனால் உண்மையைக் கல்லைப்போல் எறிந்துவிட்டுப் போகச் சொல்லும் விதி எதுவும் இல்லை. இங்கேதான் சூழ்நிலை உணர்வுக்கு முழு இடம் உண்டு. "நீங்கள் என்ன என்று நினைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்கலாம். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். மகனுக்காக அவரும் நடித்துக்கொண்டிருப்பார். கேட்பது உண்மையையா, ஆறுதலையா என்று அறியப் பொறுமை வேண்டும். முதலில் மகனிடம் சென்று, அவன் அச்சத்தைக் கேட்டு, அவனே சொல்லும்படி அவனோடு துணை நிற்பது பல சமயங்களில் சிறந்த வழி. எவ்வளவு, எப்போது, யார் வாயால் என்பவை அன்பு தீர்மானிக்க வேண்டியவை. சொல்வதா பொய்யுரைப்பதா என்பதன்று.

ஓலை வாசித்தல்

இறுதியாகச் சிறிய விதி ஒன்றைக் காண்போம். பெரிய நிகழ்வுகளையே பேசிக்கொண்டிருந்தால் அறவியல் நம் கைக்கு எட்டாத பொருளாகிவிடும். திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறுகளில் சபையில் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என்பது முறை. ஓலை வாசித்தல் என்று பேச்சு வழக்கில் கூறுவர். வெளிநாட்டில் பணிபுரியும் மாப்பிள்ளை இரண்டு வார விடுப்பில் வந்திருக்கிறார். மண்டபம் பதிவாகிவிட்டது. பெண்ணின் தந்தை கடன் வாங்கி முன்பணம் கட்டிவிட்டார். "ஒரு ஞாயிறு போதாதா, ஐயரே? விதி மனிதனுக்காகத்தானே?" என்று கேட்கின்றனர். ஓய்வுநாள் பற்றிய ஆண்டவரின் போதனையே ஆயருக்கு எதிராகத் திரும்புகிறது.

கேட்பவர்கள் நல்லவர்கள், அவசரமும் உண்மையானது. இரக்கமுள்ள ஆயரின் மனம் இளகும். ஆனால் இவ்விதி ஏன் வந்தது? தடை கூறக்கூடியவர் எங்கோ இருக்கலாம். அவர் காதுக்குச் செய்தி எட்டக் காலம் வேண்டும். மாப்பிள்ளை முன்பே மணமானவராயின் அது முதலில் வெளிப்படும் இடம் இந்த மூன்று ஞாயிறுகளே. அந்த அறையில் பேசிக்கொண்டிருப்போர் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் தந்தை, மூப்பர், ஆயர். சூழ்நிலையை விளக்கிச் சொல்லும் வாய்ப்பு இவர்கள் அனைவருக்கும் கிடைத்தது. பெண் அடுத்த அறையில் இருக்கிறாள். விலக்கு அளிப்பதால் ஏதேனும் கேடு விளையுமாயின் அதனைச் சுமக்கப் போகிறவள் அவள் ஒருத்தியே. அவளை யாரும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.